பழைய கணிப்பொறியும் நம் எழுத்தும்

பொன்னின் அருமையைத் தங்கவயல் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட பொன் எண்ணூறு டன்னுக்கு மேற்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்தனர். சுரங்கத்தின் கடைசி ஆண்டுகளில் ஒரு டன் பாறைக்குக் கிடைத்தது சில கிராம் பொன்னே.

இன்று ஒரு டன் எடையுள்ள கணிப்பொறிப் பலகைகளில் அதைப்போலப் பன்மடங்கு பொன் இருக்கிறது. ப்ராசசரின் கால்களிலும், கார்டுகளின் விளிம்பிலும் பூசப்பட்டுள்ள மெல்லிய முலாமே அது. பொன் துருப்பிடிப்பதில்லை, அதனால் மின்சாரம் தடையின்றிச் செல்லும். இதற்காகவே அதைப் பூசினார்கள். ஆனால் பழைய கணிப்பொறிகளின் ஆயுளை முடித்து வைப்பதும் அந்த முலாமேயாகும். அவை எடை போட்டு வாங்கப்படுகின்றன, உடைக்கப்படுகின்றன, திராவகத்தில் கரைக்கப்படுகின்றன. ஒரு வீட்டுக் கணிப்பொறியிலிருந்து கிடைக்கும் பொன் ஒரு கிராமுக்கும் குறைவு. அதற்காக இழப்பது என்ன என்பதையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

தாளும் தகடும்

அயோத்திதாச பண்டிதர் 1907ஆம் ஆண்டில் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. அவர் 1914இல் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் எழுத்துகள் 1999ஆம் ஆண்டு முதல் தொகுதிகளாக வெளிவந்தபோது, தமிழ்நாட்டின் வரலாற்றையே அறிஞர் பலர் மறுபடியும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. இஃது எவ்வாறு இயன்றது? பழைய இதழ்களைக் குப்பையில் எறியாமல் பெட்டியில் வைத்துக் காத்தவர்கள் இருந்தமையால் இயன்றது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தாளைப் படிப்பதற்குக் கண்ணும் வெளிச்சமும் போதுமாயிருந்தன.

இப்போது நம் வீட்டுப் பரண்களை நினைத்துப் பாருங்கள். 1990களில் பிள்ளைகளின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய கணிப்பொறி ஒன்று அங்கே துணி மூடிக் கிடக்கலாம். அதனருகே ஒரு பெட்டி நிறைய பிளாப்பித் தகடுகள் இருக்கலாம். சங்கத்தின் ஆண்டறிக்கை, தந்தையார் தட்டி வைத்த குடும்ப வரலாறு, திருமண வாழ்த்துமடல், அண்ணன் எழுதிய நாடகம் ஆகியவை அத்தகடுகளில் இருத்தல் கூடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓர் எழுத்தும் தெரியாது. தாளைப் படிக்கக் கண் போதும். தகட்டைப் படிக்க அதற்குரிய பொறி வேண்டும். பொறியை உடைத்துவிட்டுத் தகட்டை வைத்திருப்பது, திறவுகோலை உருக்கிவிட்டுப் பூட்டிய பெட்டியைக் காப்பது போன்றது.

பெரிய நாடுகளும் இத்துன்பத்துக்கு ஆளாயின. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் 'டூம்ஸ்டே' என்னும் நிலக் கணக்கேட்டைத் தோலில் எழுதினர். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டாகிய 1986இல் பி.பி.சி. நிறுவனத்தார் பத்து லட்சம் மக்களுக்கு மேல் பங்குகொண்ட புதிய கணக்கேடு ஒன்றை உருவாக்கினர். அதனை லேசர் தகடுகளில் பதித்து, பி.பி.சி. மாஸ்டர் கணிப்பொறியில் படிக்குமாறு செய்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பொறிகள் அருகிப்போயின. புதிய ஏடு படிக்க முடியாததாகும் நிலை வந்தது. தோலேடோ நன்றாகவே இருந்தது! 2002ஆம் ஆண்டில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள், பழைய பொறியின் நடத்தையை அப்படியே புதிய கணிப்பொறி ஒன்றில் நடிக்கச் செய்து அவ்வேட்டை மீட்டனர். பழைய பொறிகளும் தகடுகளும் சில எஞ்சியிருந்தமையாலேயே அது கைகூடியது.

நம் நாட்டுப் பொறிகள்

அந்தப் பி.பி.சி. இனத்துக் கணிப்பொறி நமக்குப் புதிதன்று. 1984ஆம் ஆண்டில் இந்திய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் வாயிலாக அதனைப் பள்ளிகளுக்கு அனுப்பிற்று. அதன் நினைவாற்றல் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தையும் அதற்குள் அடக்க இயலாது. ஆயினும் மாணவர் பலர் முதன்முதலாகக் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதிப் பழகியது அதன்முன் அமர்ந்துதான்.

நம்மவர் தொழிலும் அக்காலத்தே வளர்ந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்தில் மூலைப்பொழி என்னும் சிற்றூரில் பிறந்த சிவ நாடார் 1976இல் நண்பர்களுடன் ஹெச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். 1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவைவிட்டு வெளியேறிய காலத்தில், ஹெச்.சி.எல். தன் 8சி என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. விப்ரோ, ஜெனித் முதலிய பெயர்களையும் நேயர்கள் அறிவர். அமெரிக்காவில் 1976இல் ஏறத்தாழ இருநூறு அளவில் செய்யப்பட்ட ஆப்பிள்-1 என்னும் பலகையின் அன்றைய விலை 666 டாலர் 66 சென்ட். 2014இல் அவற்றுள் ஒன்றை ஹென்றி போர்டு அருங்காட்சியகத்தார் 9,05,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தனர். நம் நாட்டில் செய்த பொறிகளோ கிலோ கணக்கில் விலைபோகின்றன. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அவற்றின் பலகைகள் குவியலாய்க் கிடக்கக் கண்டிருக்கிறோம்.

தமிழ் ஏறிய வரலாறு

தமிழர் சிறப்பாகக் காக்க வேண்டிய பொருள் இன்னொன்று உண்டு. கணிப்பொறி பிறக்கும்போது தமிழறிந்து பிறக்கவில்லை, கற்றுக்கொடுத்தவர்கள் வேண்டியிருந்தனர். 1980களில் கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்னும் மென்பொருளை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' கண்டார். சுவிட்சர்லாந்தில் முனைவர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்ற உழைத்தார். இவர்கள் யாவரும் தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பதை நோக்குங்கள். ஊரைவிட்டு வந்தவர்க்கு எழுத்தின்மேல் உள்ள பற்று எத்தகையது என்பதை நம் குடும்பங்கள் அறியாதனவா?

இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றி, 1988இல் அமைந்த சி-டாக் நிறுவனத்தால் வளர்க்கப்பட்டது 'ஜிஸ்ட்' என்னும் கார்டு. இதைச் சாதாரணக் கணிப்பொறியில் செருகினால் திரையில் தமிழ் முதலிய இந்திய எழுத்துகள் தோன்றும். பலகை ஒன்று தமிழைத் தன்னுள் தாங்கி வந்தது என்று சொல்லலாம். அத்தகைய கார்டு ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தால், அதன் விளிம்பிலுள்ள முலாமைத்தான் வாங்குவோர் காண்கின்றனர்.

அக்காலத்தே ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. பாமினியில் தட்டிய கட்டுரையைப் பாமினி இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கலந்த குழப்பமே தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு நெறி வகுத்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தம் நூல்களைப் பழைய முறைகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிவைத்தமையால் அவை இன்றும் படிக்கப்படுகின்றன. மாற்றாமல் விடப்பட்டவை பரணில் உறங்குகின்றன.

செப்பனிடும் முறை

பழைய பொறிகளைச் சேர்த்துச் செப்பனிடுவோர் பல நாடுகளில் உளர். அவர்கள் பட்டறிவால் கண்ட சில நெறிகளை இங்கே கூறுகின்றோம்.

முதலாவது, பரணிலிருந்து இறக்கியவுடனே மின்சாரம் கொடுத்தல் ஆகாது. மூடியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தூசி நீக்கிப் பார்க்க வேண்டும். 286, 386 வகை மதர்போர்டுகள் பலவற்றில் பீப்பாய் வடிவான சிறு நிக்கல்-காட்மியம் பாட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். நாளடைவில் அது கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். வேறெந்த நோயைக் காட்டிலும் மிகுதியான பலகைகளைக் கொன்றது இதுவே எனலாம். பாட்டரியை வெட்டி நீக்கி, கசிந்த காரத்தைச் சிறிது வினிகரால் துடைத்து, பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலரவிடல் வேண்டும்.

இரண்டாவது, பவர் சப்ளை. பழைய பி.பி.சி. பொறிகளில் மின்னிரைச்சலை வடிகட்டும் காகிதக் கெபாசிட்டரின் மேலுறை வெடித்து ஈரம் புகுந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் புகைவிட்டு வெடிக்கும். அஞ்ச வேண்டுவதில்லை, முன்னதாகவே புதியதை மாற்றிவிட்டால் பொறி பிழைத்துக்கொள்ளும். ஆனால் பவர் சப்ளையும் கண்ணாடிக்குழல் மானிட்டரும் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். தொழில் கற்றவரன்றி வேறெவரும் அவற்றைத் திறத்தல் கூடாது. பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

மூன்றாவது, கார்டுகளின் பொன் விளிம்பு. அழுக்கேறினால் தொடர்பு அறுந்து பொறி ஊமையாகிவிடும். ரப்பரால் தேய்ப்பாரும் உளர். முலாம் மிக மெல்லியதாதலின் ஆல்கஹாலில் நனைத்த துணியே நன்று. மஞ்சளாகிப்போன மேலுறையை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கச் செய்வர். அது அழகுக்கே, பொறியின் உயிருக்கு வேண்டுவதன்று.

நான்காவது, தகடுகள். பூஞ்சை படிந்த தகட்டைச் செருகினால் தகடும் கெடும்; படிக்கும் முனையும் கெடும். முதலில் எழுத்துத் தடையை இட வேண்டும். ஐந்தேகால் அங்குலத் தகட்டின் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடுக. மூன்றரை அங்குலத் தகட்டின் மூலைத் துளையைத் திறந்து வைக்குக. மூன்றரை அங்குலத் தகட்டுக்கு இன்றைய கணிப்பொறியில் செருகும் யு.எஸ்.பி. டிரைவ் கிடைக்கும். ஐந்தேகால் அங்குலத்துக்கோ பழைய டிரைவே வேண்டும். ஆகவே, அத்தகைய டிரைவ் ஒன்று ஓடுமானால் அதனைக் கண்போல் காத்தல் வேண்டும். தகடு முழுவதையும் அப்படியே படியெடுத்த பின்னரே கோப்புகளைத் திறக்கவும் ஒருங்குறிக்கு மாற்றவும் முற்பட வேண்டும். எழுத்துருக் கோப்பையும் உடன் சேர்த்து வைக்க மறவற்க.

நாம் செய்யத்தக்கது

எல்லாப் பழம்பொருளையும் வீட்டில் அடுக்கி வைக்க இயலாது என்பதை அறிவோம். காலனி வீட்டின் அளவு நமக்குத் தெரியாததன்று. பயனற்றுப் போனவற்றை நீக்கத்தான் வேண்டும். ஆனால் நீக்கும் முறை ஒன்று உண்டு. இராஜ திராவகத்தில் பலகைகளைக் கரைப்பதும், கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்பதும், ஈயத்தையும் நச்சுப்புகையையும் அதைச் செய்யும் ஏழையின் நெஞ்சில் ஏற்றுகின்றன. பொன்னெடுத்தபின் எஞ்சுவது என்ன என்பதற்கு நம் சயனைடு மேடுகளே சான்று. காற்றடிக்கும் நாளில் அந்தத் தூசியை உண்டு வாழ்ந்தவர் நாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

அதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பொறியில் யாருடைய எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ஓடுவதானால் விசைப்பலகை, கம்பி, கையேடு, தகடு ஆகியவற்றைப் பிரிக்காமல் ஒன்றாய் வையுங்கள். யார் வாங்கியது, எந்த ஆண்டு, எதற்குப் பயன்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே இடுங்கள். தாள் என்று நாம் சொல்வதில் காரணம் உண்டு!

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று, கணிப்பொறித் தொழிலில் ஊதியம் பெறும் நம் பிள்ளைகள் பலர். கடல் கடந்து சென்றவர்களும் உளர். பழுது பார்க்கும் கை அவர்களிடம் இருக்கிறது. பழைய பொறியும் தகடும் பெரியவர்களின் பரணில் இருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் இடமாக நம் தமிழ்ச்சங்கம் விளங்கலாகாதா? ஓர் அலமாரி, நல்ல நிலையில் ஒரு பழைய கணிப்பொறி, இரண்டு டிரைவ், ஒரு பதிவேடு ஆகியவை போதும். மாதத்தில் ஒரு ஞாயிறன்று இளைஞர் இருவர் அமர்ந்தால், அன்பர்கள் கொண்டுவரும் தகடுகளைப் படியெடுத்துத் தரலாம்.

காந்தப் பதிவு ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே போகிறது. அது நமக்காகக் காத்திராது. முன்னோர் காத்த 'தமிழன்' இதழ்கள் நமக்குப் பயன்பட்டன. நாம் எழுதியதை நம் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டுமானால், இவ்வாண்டிலேயே பரணில் ஏறிப் பார்த்தல் நலம்.