ஒரு விசை, ஓர் எண், ஓர் எழுத்து

ஜொகூர் மாநிலத்தின் பெக்கோக் பட்டணத்தில் ஒரு மாணவி கணினியின் முன் அமர்ந்து ‘கிளி’ என்று தட்டச்சிடுகிறாள் என வைத்துக்கொள்வோம். அவள் தமிழ்99 விசைமுகத்தைப் பயன்படுத்துகிறாள். எச், எஸ், ஒய், எஸ் என்று நான்கு முறை விசைகளைத் தட்டியதும் திரையில் ‘கிளி’ தோன்றுகிறது. விசைகளின் மேல் இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரையில் வந்ததோ தமிழ்ச் சொல். அப்படியானால் விசைப்பலகைக்குத் தமிழ் தெரியுமா?

விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே. ஒவ்வொரு விசைக்கும் அதன் இடத்தைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. வழக்கமான தனியாள் கணினியில், எச் விசையை அழுத்தினால் 35 என்ற எண் கணினிக்குச் செல்லும். விரலை எடுத்தால் அதனுடன் 128 சேர்ந்து 163 என்ற எண் செல்லும். அழுத்தியதைச் சொன்னால் போதாதா, விட்டதையும் ஏன் சொல்ல வேண்டும்? ஷிஃப்ட் விசை இன்னும் அழுத்தப்பட்டிருக்கிறதா, விடப்பட்டுவிட்டதா என்பதை அறிய வேறு வழியில்லை என்பதே காரணம். விசையின் மேல் அச்சிடப்பட்ட எழுத்து நம் கண்ணுக்காக மட்டுமே.

இந்த எண்ணுக்குப் பொருள் கொடுப்பது இயங்குதளம் என்னும் மென்பொருள். கணினியின் எல்லாப் பாகங்களையும் மேற்பார்வையிடுவது இதுவே. இன்று நாம் பயன்படுத்தும் இயங்குதளங்கள் பல மில்லியன் வரிகள் கொண்டவை. அவற்றை ஒருவர் தனியாகப் படித்து முடிப்பது இயலாது. அதனால் மாணவர்கள் கற்பதற்கென்றே சிறிய இயங்குதளங்கள் உருவாக்கப்பட்டன. பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் வெளியிட்ட மினிக்ஸ் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2006-இல் உருவான எக்ஸ்.வி.6 மற்றொன்று. சில ஆயிரம் வரிகளே கொண்ட எக்ஸ்.வி.6-ஐ ஒரு மாணவர் முழுமையாகப் படிக்கலாம், மாற்றியும் பார்க்கலாம். விசைப்பலகையையும் திரையையும் சேர்த்துக் கவனிக்கும் அதன் பகுதிக்குக் ‘கன்சோல்’ என்று பெயர். அதைக் கவனித்தால் மாணவியின் விசை எழுத்தாக மாறும் வழி நமக்குப் புலப்படும்.

முதல் படி, குறுக்கீடு. கணினி எப்போதும் ஏதாவது ஒரு வேலையில் இருக்கும். விசை தட்டப்பட்டதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற வேலைகள் தடைப்படும். எனவே, விசைப்பலகையே கணினியை அழைக்கிறது. பாடம் நடக்கும்போது யாரோ வகுப்பறைக் கதவைத் தட்டினால், ஆசிரியர் விட்ட இடத்தை நினைவில் கொண்டு, வந்தவரை விசாரித்துவிட்டு, மீண்டும் அதே இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்வார் அல்லவா? செயலியும் அவ்வாறே செய்கிறது. கையிலுள்ள வேலையை நிறுத்தி, வந்த எண்ணை எடுத்துக்கொண்டு, விட்ட வேலைக்குத் திரும்புகிறது.

இரண்டாம் படி, அட்டவணை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது இயங்குதளத்தில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். ஷிஃப்ட் விசை அழுத்தப்பட்டிருந்தால் வேறோர் அட்டவணை பயன்படும். அட்டவணையை எழுதியவர் எந்த மொழியை மனத்தில் கொண்டாரோ அந்த மொழியே திரைக்கு வரும். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸின் முதல் பதிப்பு, பின்லாந்து நாட்டு விசைப்பலகைக்கு ஏற்பவே அமைந்திருந்தது. அது அவருடைய மேசையில் இருந்த விசைப்பலகை. எக்ஸ்.வி.6-இன் அட்டவணையில் இருப்பது ஆங்கிலம். தமிழ்99 அட்டவணையிலோ, எச் விசையின் இடத்தில் ‘க’ இருக்கிறது; எஸ் விசையின் இடத்தில் ‘இ’ இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ‘கி’ என்று இணைக்க வேண்டும் என்ற விதியும் உடன் இருக்கிறது.

மூன்றாம் படி, காத்திருப்பு. பெக்கோக் ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பயணிகள் வெவ்வேறு நேரத்தில் வருவார்கள். ரயில் வரும்வரை மேடையில் காத்திருப்பார்கள். தட்டச்சிட்ட எழுத்துகளும் இப்படித்தான் நினைவகத்தில் ஓரிடத்தில் வந்த வரிசையிலேயே காத்திருக்கின்றன. அந்த இடத்திற்கு இடையகம் என்று பெயர். என்டர் விசையைத் தட்டியதும் ரயில் புறப்படுவதுபோல் முழு வரியும் நிரலுக்குச் செல்கிறது. அதற்குமுன் பிழையைக் கண்டால் பேக்ஸ்பேஸ் விசையால் அழிக்கலாம்; அனுப்பிய பிறகு அழிக்க முடியாது. ரயில் ஏறிச் சென்றவரை மேடையில் தேடிப் பயனில்லை.

இந்தச் சிறிய ஏற்பாடு ஆங்கிலத்திற்கு நன்றாகவே பொருந்துகிறது. தமிழை அதில் ஏற்றினால் என்ன ஆகும்?

எக்ஸ்.வி.6-இன் இடையகத்தில் 128 பைட்டுகளுக்கு மட்டுமே இடம் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும்போது ‘க’ என்பதற்கு மூன்று பைட்டுகள் தேவை: 224, 174, 149. ‘கி’ என்பதற்கு விசிறிக் குறியும் சேர்வதால் ஆறு பைட்டுகள். ‘கிளி’ என்பதற்குப் பன்னிரண்டு. ‘கிளி’ என்ற சொல்லை இடைவெளி விட்டுப் பத்து முறை எழுத 129 பைட்டுகள் வேண்டும். மேடையில் இருப்பதோ 128! கடைசி எழுத்து முழுமை பெறுவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

பேக்ஸ்பேஸ் விசையில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. எக்ஸ்.வி.6-இல் அந்த விசை ஒரு முறைக்கு ஒரு பைட்டை மட்டுமே அழிக்கும். ‘க’ என்ற எழுத்தில் கடைசிப் பைட்டு போனால் 224, 174 என்ற இரண்டும் எஞ்சும். அவை எந்த எழுத்தும் அல்ல. மாணவி ஓர் எழுத்தை அழிக்க நினைத்தாள். கணினியோ எழுத்தை உடைத்துவிட்டது.

இதைச் சரிசெய்யச் சில வரிகளே போதும். யூனிகோடின் இந்தச் சேமிப்பு முறையில் ஓர் எழுத்தின் தொடர்ச்சியாக வரும் பைட்டுகள் எல்லாம் 128 முதல் 191 வரையிலான எண்களாகவே இருக்கும். எனவே, பின்னோக்கி அழித்துக்கொண்டே வந்து, இந்த எல்லைக்குள் வராத பைட்டு ஒன்றையும் அழித்ததும் நிறுத்தினால் எழுத்து உடையாது. ஆயினும், இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. ‘கி’ என்று எழுதியபின் ஒருமுறை அழித்தால், ‘கி’ முழுவதும் போக வேண்டுமா, விசிறி மட்டும் போய் ‘க’ நிற்க வேண்டுமா? ‘கி’ என்பதைக் ‘கீ’ எனத் திருத்த நினைப்பவருக்கு ‘க’ நிற்பதே வசதி. உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் காண்பவருக்கு முழுவதும் போவதே இயல்பு. இதற்கு விடை சொல்லக் கணினி அறிவு மட்டும் போதாது; தமிழும் தெரிந்திருக்க வேண்டும்.

அவ்விரண்டும் அறிந்தவர்கள் முன்வந்ததால்தான் இன்று நாம் எளிதாகத் தமிழில் தட்டச்சிடுகிறோம். அவர்களுள் ஒருவர் நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன். அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் 1985-இல் தொடங்கியது. அப்போது யூனிகோடு பிறக்கவில்லை. தனியாள் கணினியின் எழுத்துத் திரையில் ஓர் எழுத்து வடிவத்திற்கு ஒரு பைட்டு ஒதுக்கப்பட்டதால், 256 வடிவங்களே பொதுவாகக் கிடைத்தன. தமிழ் எழுத்துகள் மட்டுமே 247. ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் எங்கே வைப்பது? அத்தகைய நெருக்கடியிலும் தமிழ் கணினியில் ஏறியது. பின்னர், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைமுகம் பொதுத்தரமாக அறிவிக்கப்பட்டது. பெக்கோக் மாணவி எச் விசையைத் தட்டியதும் ‘க’ வருவது அந்த முடிவின் பயனே.

விசைப்பலகை எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண் எந்த மொழியின் எழுத்தாக வேண்டும், பிழை நேர்ந்தால் எப்படித் திருத்தப்பட வேண்டும் என்பவற்றை மனிதர்களே முடிவு செய்கிறார்கள். சிறிய இயங்குதளம் ஒன்றை வாசித்துப் பார்க்கும் மாணவர், அந்த முடிவுகள் எழுதப்பட்டிருக்கும் வரிகளைத் தம் கண்ணால் காண்பார். கண்டவர் நாளை அவற்றைத் தமிழுக்கு ஏற்ப மாற்றியும் எழுதலாம்.