சித்தப்பா அனுப்பும் 'வடக்கன்' வீடியோ... என்ன செய்யலாம்?

2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அதில் ஒன்று, திருப்பூரில் பீகார்க்காரர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை. இரண்டுமே பொய்யாகத் திரிக்கப்பட்டவை என்று அன்றைய டி.ஜி.பி சைலேந்திரபாபு விளக்கினார். அதற்குள் பயந்துபோன பலர் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

இங்கே மட்டும் என்னவாம்? 'வடக்கன்', 'பானிபூரி' என்று மீம் போட்டுச் சிரிப்பவர்கள் குறைவா?

கம்பைநல்லூரில் உங்கள் ஃபேமிலி குரூப்புக்கு இப்படி ஒன்று வந்தால், கண்டிப்பதற்காகக்கூட ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதுவும் பரப்புவதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு ரிப்போர்ட் செய்யுங்கள். பகையைத் தூண்டும் பதிவுக்கு பி.என்.எஸ் 196-வது பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

அனுப்பியது சித்தப்பாவா? குரூப்பில் மானத்தை வாங்காமல், தனியாக போன் போட்டு, "அது பொய் சித்தப்பா, அழிச்சிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.