அட்டை மட்டும் போதாது

தவறு நடந்தால் நர்ஸைத் திட்டுவது சுலபம். பிரசவ அறையையே சீரமைப்பதுதான் பலன் தரும்.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும். ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து அது. பணியில் இருப்பதோ ஒரே நர்ஸ். மருந்து அடுத்த அறை ஃபிரிட்ஜில். கை கழுவும் குழாய் தாழ்வாரக் கோடியில். ஊசி தாமதமானால் குற்றம் யாருடையது? நர்ஸுடையதா, அறையுடையதா?

அறையை முதலில் பாருங்கள் என்கிறது எர்கோனாமிக்ஸ். வேலைக்கு ஏற்ப ஆளை வளைக்காமல், ஆளுக்கு ஏற்ப வேலையை அமைக்கும் துறை இது. நாற்காலியின் உயரத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆள், கருவி, அறை, பணிநேரம், நிர்வாகம் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகப் பார்க்கிறது.

மயக்க மருந்து இயந்திரம் நல்ல உதாரணம். ஆக்சிஜன் சிலிண்டர் வால்வில் துளைகள் ஓரிடத்தில். நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரில் வேறிடத்தில். இயந்திரத்தில் உள்ள முளைகள் உரிய சிலிண்டரோடு மட்டுமே பொருந்தும். களைத்துப்போன ஊழியர்கூட சுலபத்தில் மாற்றி மாட்டிவிட முடியாது.

எல்லாத் தவறுக்கும் இப்படி முளை வைக்க முடியாதே! அதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் பிரசவச் சரிபார்ப்பு அட்டை வந்தது. 2010-ல் கர்நாடகத்தின் ஒரு சிறு மருத்துவமனையில் அதைச் சோதித்தார்கள். அவசியமான 29 செயல்களில் ஒரு பிரசவத்துக்குச் சராசரியாக 10 மட்டுமே நடந்துவந்த இடத்தில், 25 நடந்தன.

அடுத்த சோதனை உத்தரப் பிரதேசத்தில். 24 மாவட்டங்கள், 120 அரசு சுகாதார மையங்கள். பாதி மையங்களுக்கு அட்டையும், 8 மாதங்களுக்குப் பயிற்சியாளரின் உதவியும். இரண்டாவது மாதத்தில் அங்கே அவசியச் செயல்களில் 73 சதவீதம் நடந்தன; மற்ற மையங்களில் 42. பயிற்சியாளர் போன பிறகு, 12-வது மாதத்தில் 73 என்பது 62 ஆனது. 2017 டிசம்பரில் வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது. தாய் சேய் மரணமும் தாயின் கடும் சிக்கல்களும் சேர்ந்து, அட்டை இருந்த இடத்தில் 15.1 சதவீதம், இல்லாத இடத்தில் 15.3. வித்தியாசமே இல்லை எனலாம்.

அட்டை வீண் என்பதல்ல பாடம். அட்டை நினைவூட்டும், தீர்ந்துபோன மருந்தைக் கொண்டுவராது. இரண்டாவது நர்ஸை நியமிக்காது. சிக்கலான பிரசவத்தைக் கையாளும் திறமையையும் தராது. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் பலப்படுத்தினால் அடுத்த கண்ணி அறுகிறது.

அதே டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டம் பிரசவ அறையின் அமைப்பு, கருவிகள், ஆள்பலம், பயிற்சி எல்லாவற்றிலும் கை வைக்கிறது. 2013-லேயே அமைச்சகத்தின் கையேடு, மருந்தும் கருவிகளும் எட்டும் தூரத்தில் இருக்க 7 தட்டுகளை வகுத்துத் தந்தது. தட்டு தயாராக இருந்தால் நர்ஸ் ஓட வேண்டியதில்லை.

ஆனால் எந்தத் தட்டு எங்கே இருக்க வேண்டும் என்பது இரவுப் பணி பார்ப்பவருக்கே நன்றாகத் தெரியும். அறையைத் திட்டமிடும் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுவது பெரிய செலவல்ல.