வீடு திரும்பிய பின்னர்…

கடுமையான நோயினின்று தப்பி ஒருவர் வீடு திரும்பினார் என்றால், காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் அச்செய்தி தறியோசைக்கு முன்னே ஓடிப் பரவிவிடும். அன்று மாலையே உற்றாரும் அண்டை வீட்டாரும் பழமும் பூவும் ஏந்தி வந்து நிற்பர். நோயுற்றோரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று என நாமும் சிறுவயது முதல் கற்றிருக்கிறோம். ஆயினும், இரத்தப் புற்றுநோய்க்காகக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை பெற்று வந்தவருக்கு இந்த அன்பே ஆபத்தாக முடியலாம். அது ஏன் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையே இரத்தம் விளையும் வயல். ஸ்டெம் செல் என்று மருத்துவர் கூறும் குருத்தணுக்களிலிருந்தே சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றும் அங்கே தோன்றுகின்றன. இவ்வயல் கெடுவதால் வரும் நோய்களுள் அரிதான ஒன்று மைலோஃபைப்ரோசிஸ். ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவரையே இது பற்றுகிறது. மஜ்ஜையில் நார் படர்ந்து இறுகுவதால் இரத்தம் ஊற இடமில்லாமற் போகிறது. அவ்வேலையை ஏற்க முயலும் மண்ணீரல் பெரிதாக வீங்குகிறது. நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்படும் ஜாக்2 என்னும் மரபணு மாற்றம் 2005-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. வீக்கத்தையும் சோர்வையும் தணிக்க மாத்திரைகள் உண்டு. எனினும் இந்நோயை வேரோடு களைய வல்லது, உடல் தாங்குமானால், குருத்தணு மாற்றம் ஒன்றே.

1950-களில் அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் தொடங்கிய முயற்சி இது. அதற்காக 1990-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1983-இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கியது. வேலூர் காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவே. புற்றுநோயின் கொடுமையைக் காஞ்சி நகரம் அறியாததும் அன்று. இம்மண்ணின் மைந்தர் அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அந்நோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை காரைப்பேட்டையில் உள்ளது.

சிகிச்சை நடைபெறும் விதம் கேட்போரை வியக்கச் செய்யும். முதலில் கடுமையான மருந்துகளால் கெட்டுப்போன மஜ்ஜையை அழிக்கிறார்கள். பின்னர் ஒருவர் கொடுத்த நல்ல குருத்தணுக்களை, இரத்தம் ஏற்றுவது போலவே, நரம்பின் வழியாகச் செலுத்துகிறார்கள். அவை தாமே வழி கண்டு எலும்புக்குள் குடியேறுகின்றன. கொடுப்பவரின் திசுவகை நோயாளியின் திசுவகையோடு பொருந்த வேண்டும். உடன்பிறந்தார் ஒருவரோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது கிட்டாதபோது, பாதி பொருந்தும் பெற்றோரோ பிள்ளையோ கொடுக்கவும் இன்று வழி உண்டு. உறவல்லாத கொடையாளரைத் தேடித் தருவதற்கென 2009-இல் சென்னையில் ‘தாத்ரி’ என்னும் பதிவகம் தொடங்கப்பட்டது. கொடுப்பவர் இழந்த அணுக்களைச் சில வாரங்களில் அவர் உடலே ஈடுசெய்துகொள்ளும்.

புதிய அணுக்கள் வேர்பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை மருத்துவமனையின் தனியறையே உலகம். வெள்ளையணுக்கள் உயர்ந்து, நோயாளி வீடு திரும்பியதும் எல்லாம் முடிந்துவிட்டதென உறவினர் மகிழ்கின்றனர். உண்மையில், அப்போது தொடங்குவது சிகிச்சையின் மறுபாதியே.

முதல் நூறு நாட்கள் மிக முக்கியமானவை. புதிய அணுக்கள் தாம் புகுந்த உடலையே அயலாகக் கருதித் தாக்கக்கூடும். தோலில் தடிப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகியவை அதன் அறிகுறிகள். இதைத் தடுக்கும் மருந்துகள் எதிர்ப்பாற்றலையும் அடக்கிவிடுகின்றன. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பயனும் குறைந்து மறைகிறது. பல மாதங்களுக்குப் பின் அவற்றை மீண்டும் போட வேண்டும். தட்டம்மை போன்ற சிலவற்றுக்கு இரண்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். ஆகவே ஐம்பது வயதானவரும் இக்காலத்தில் பச்சிளங் குழந்தைக்கு ஒப்பானவரே. நமக்கு வெறும் சளியாய்க் கழிவது அவருக்கு உயிருக்கே உலையாகலாம். காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நெசவாளர் இல்லத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். குழித்தறியின் ஈர மண்ணிலும், சுவர் இடிக்கும் தூசியிலும், புறாக்களின் எச்சத்திலும் பூஞ்சை வித்துகள் இருக்கக்கூடும். அவை நுரையீரலைத் தாக்கும். உணவு நன்கு வெந்ததாகவும், நீர் காய்ச்சி ஆறியதாகவும் இருக்கட்டும். அன்போடு கொண்டுவரும் கஷாயமும் லேகியமும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்கத் தக்கவை அல்ல. கருட சேவைக் கூட்டமானாலும், ஆலயத் திருவிழாக் கூட்டமானாலும் சிறிது காலம் தவிர்க்க வேண்டியவையே.

உடலின் களைப்போ மாதக்கணக்கில் நீடிக்கும். பார்வைக்கு நலமுற்றவராய்த் தோன்றினும், அவரால் அரைமணி நேரம் தறியில் அமர இயலாது. “இன்னுமா வேலைக்குப் போகவில்லை?” என்னும் கேள்வி நோயினும் கொடிது. தறி நின்றால் கூலியும் நிற்கும். கோர்வைச் சேலை நெய்ய இருவர் கை வேண்டுமாதலால், ஒருவர் படுத்தால் மற்றவர் பிழைப்பும் தடைப்படும். பகலிரவாய்ப் பணிவிடை செய்யும் மனைவியின் களைப்பை எவரும் விசாரிப்பதும் இல்லை.

இந்நிலையில் உற்றார் செய்யத்தக்கது என்ன? கூட்டமாய்ச் சென்று பார்ப்பதன்று. தொலைபேசியில் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம். பரிசோதனை நாட்களில் உடன் செல்லலாம். ஒரு மாத அரிசியும் மருந்துச் செலவில் ஒரு பங்கும் பகிர்ந்துகொள்ளலாம். தேவைப்படும் இரத்தத்தையும் தட்டணுக்களையும் இரத்த வங்கியில் கொடுக்கலாம். உடல்நலமுள்ள இளைஞர் குருத்தணுக் கொடையாளராகப் பதிவு செய்துகொள்ளலாம்.

நோயாளியின் வாசற்படியைத் தாண்டாமலே அவர் குடும்பத்தின் சுமையைத் தாங்க முடியும். சில மாதங்கள் விலகி நிற்கும் பொறுமையும், அத்தனை மாதங்களும் மறவாத உதவியும் சேர்ந்ததே இங்கே மெய்யான சந்திப்பு. அத்தகைய சந்திப்பை நம் தெருவிலும் நாம் பழக்கமாக்குவோமாக.