உங்களுக்குத் தெரியுமா? புதுசை இடி, பழசைக் கட்டு!

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் எங்கும் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்யும் ஊர்களும் இருக்கின்றன. நன்றாக நிற்கும் கான்கிரீட் கட்டடத்தை உடைத்து, எப்போதோ காணாமல்போனதை அதே இடத்தில் எழுப்புகிறார்கள். அந்த ஊர்கள் வழியாக ஒரு சுற்று.

★

ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரச் சந்தைச் சதுக்கத்தில் 1529-ல் கசாப்புக்காரர் சங்கம் தனக்கென்று ஒரு மாளிகை கட்டிக்கொண்டது. முழுக்க மரச்சட்டம், நடுவில் அடைப்புச் சுவர். ஒவ்வொரு மாடியும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். 1945 மார்ச் 22 அன்று விழுந்த குண்டுகளில் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிட்டது. 1960-களில் அதே மனையில் ‘ரோஜா’ என்ற நவீன ஹோட்டல் எழுந்தது. கால் நூற்றாண்டு போவதற்குள் அதை இடித்துவிட்டு, 1989-ல் கசாப்புக்காரர் மாளிகையையே மறுபடி கட்டி முடித்தார்கள். ஓக் மரச் சட்டங்களைப் பழைய முறைப்படி துளைபோட்டு, மரமுளை அடித்து இணைத்திருக்கிறார்கள். கீழே உணவகம், மேலே நகர அருங்காட்சியகம். இறைச்சி வெட்டுகிறவர்களின் சங்கத்துக்கு இவ்வளவு பெரிய மாளிகையா என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்தில் ஊரில் காசு யாரிடம் புழங்கியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

★

அதே ஊரில் ‘கவிழ்த்த சர்க்கரைக் கூம்பு’ என்று ஒரு வீடு உண்டு. அடியில் குறுகி, மேலே போகப்போக அகலும். அதுவும் 1945-ல் போனது, 2010-ல் திரும்ப வந்தது.

★

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் ராசியில்லாத தேதி மார்ச் 22 தான். வருஷம் 1944. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் நெருக்கியடித்து நின்ற பழைய நகரம் அந்த மாதத்து விமானத் தாக்குதல்களில் அழிந்தது. கவிஞர் கோத்தே இறந்ததும் ஒரு மார்ச் 22-ல்தான். அவர் பிறந்த வீடு நொறுங்கியதும் 1944-ன் அதே மார்ச் 22-ல்தான்.

பேராலயத்துக்கும் நகரமன்றத்துக்கும் நடுவே ஒரு தெரு இருந்தது. புனித ரோமப் பேரரசர்கள் முடிசூட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்த தெரு. அதன் மேல் 1974-ல் மாநகராட்சி தன்னுடைய திட்ட, கட்டுமானப் பிரிவுகளுக்காக ஒரு பெரிய கான்கிரீட் அலுவலகத்தைக் கட்டி முடித்தது. ஊர்க்காரர்கள் பலருக்கு அதைக் கண்டாலே ஆகாது. அதை எடுத்துவிட்டு வேறு நவீனக் கட்டடங்கள் கட்டலாம் என்று 2005-ல் ஒரு திட்டம் பரிசு பெற்றதும் எதிர்ப்பு கிளம்பியது. “மறுபடியும் கான்கிரீட்டா? பழைய தெருவையே கொடுங்கள்” என்றார்கள் மக்கள். 2007-ல் மாநகர மன்றம் இறங்கிவந்தது. 2010-ல் இடிப்பு தொடங்கியது. 2018 செப்டம்பரில் மூன்று நாள் திருவிழாவோடு திறப்பு விழா நடந்தது. செலவு ஏறத்தாழ 20 கோடி யூரோ.

★

அங்கே எழுந்த 35 வீடுகளில் 15 மட்டுமே பழைய வீடுகளின் நகல். மற்ற 20 வீடுகள், பழைய தெருவின் உயரம், அகலம், கூரைச் சரிவுக்கு அடங்கி நடக்கும்படி இன்றைய கட்டடக் கலைஞர்கள் வரைந்தவை. சுற்றுலாப் பயணிகள் இரண்டையும் ஒரே பரவசத்தோடு படம் எடுக்கிறார்கள்.

★

அந்த வீடுகளில் எது அழகு என்று கேட்டால் எல்லோரும் ‘தங்கத் தராசு’ வீட்டைத்தான் காட்டுவார்கள். 1619 வாக்கில் அதைக் கட்டியவர் ஆபிரகாம் வான் ஹாமெல். மதத் தொல்லைக்குத் தப்பி நெதர்லாந்துப் பக்கமிருந்து வந்த அகதி. சர்க்கரைப் பண்டமும் மசாலாச் சரக்கும் விற்றுப் பணக்காரர் ஆனவர். கூரைக்கு மேலே ஒரு சின்னத் தோட்டமும் இளைப்பாறும் பந்தலும் வைத்துக்கொண்டார். போருக்குப் பிறகு அந்த வீட்டின் செதுக்குக் கற்கள் சிலவற்றைப் பக்கத்து ஊரில் ஒருவர் தன் வீட்டில் பதித்துக் கட்டிவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து அவற்றைக் கேட்டு வாங்கிவந்து பழைய இடத்திலேயே பதித்திருக்கிறார்கள். கீழ்த்தளத்து வளைவுகளை உற்றுப் பார்த்தால், கூர்மை மாறாத புதுக் கல்லுக்கு நடுவே விளிம்பு தேய்ந்து கறுத்த கல் ஒன்று தனியாகத் தெரியும். எனக்கு அந்த வீட்டில் மொத்தமாகப் பிடித்தது அந்தக் கறுத்த கல்தான்.

இவ்வளவு பழமையும் மண்ணைத் தொட்டு நிற்கவில்லை என்பது வேறு விஷயம். கீழே கார் பார்க்கிங்கும் சுரங்க ரயில் நிலையமும் இருக்கின்றன. பேரரசர் நடந்த தெருவே அந்தப் பார்க்கிங்கின் கூரைமேல்தான்.

★

பெர்லின் கதை இரட்டை இடிப்பு. பிரஷ்ய மன்னர்களின் அரண்மனை 1945 குண்டுவீச்சில் எரிந்தது. சுவர்கள் நின்றன, சரிசெய்திருக்கலாம். கிழக்கு ஜெர்மனி அரசு 1950-ல் வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் 1976-ல் ‘குடியரசு மாளிகை’ திறக்கப்பட்டது. நாடாளுமன்றம் கூடிய அதே கட்டடத்தில் உணவகங்கள், நாடக மேடை, பௌலிங் விளையாட்டுக்கூடம் எல்லாம் இருந்தன. கிழக்கு பெர்லின்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு போய்வந்த இடம். முன்கூடத்தில் தொங்கிய எண்ணற்ற விளக்குகளைப் பார்த்து, ஆட்சித் தலைவர் எரிக் ஹோனெக்கரைச் சாக்கிட்டு ‘எரிக்கின் விளக்குக் கடை’ என்று கேலி பேசியதும் அவர்கள்தான்.

1990-ல் அஸ்பெஸ்டாஸ் ஆபத்து என்று மூடினார்கள். பல ஆண்டு பாடுபட்டு அஸ்பெஸ்டாஸை முழுக்கச் சுரண்டி எடுத்தார்கள். சுத்தமான பிறகு, 2006-ல், இடிக்க ஆரம்பித்தார்கள்! அஸ்பெஸ்டாஸ்தான் காரணமா என்று கிழக்குப் பகுதிக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை.

★

அந்த அரண்மனை திரும்ப வந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு துணி. வில்ஹெல்ம் ஃபான் போடியன் என்பவர் ஹாம்பர்க்கில் விவசாய இயந்திரங்கள் விற்றுவந்த வியாபாரி. 1993-ல் அரண்மனை இருந்த இடத்தில் சாரம் கட்டி, அதன் மேல் அரண்மனை முகப்பை அசல் அளவில் வரைந்த துணியைப் போர்த்தினார். பேச்சில் நம்பாதவர்கள் கண்ணால் பார்த்ததும் மனம் மாறினார்கள். 2002-ல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. முகப்புக்கு மட்டும் 10 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. 2021-ல் மக்களுக்குத் திறந்த கட்டடத்தில் மூன்று பக்கம் பழைய பரோக் முகப்பு. ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்கோ ஸ்டெல்லாவின் நேர்க்கோட்டு நவீனம். உள்ளே அருங்காட்சியகம். மன்னர் வாழ்ந்த அறைகள் எவையும் திரும்பவில்லை.

★

இடித்தவர்களே ஒரு துண்டைப் பத்திரப்படுத்திய அதிசயமும் அங்கே நடந்தது. 1918 நவம்பர் 9 அன்று புரட்சித் தலைவர் கார்ல் லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவித்தது அரண்மனையின் ஒரு வாசல் மாடத்திலிருந்து. அதனால் கம்யூனிஸ்டுகள் அந்த வாசலின் சிற்பங்களை மட்டும் எடுத்துவைத்து, 1964-ல் முடிந்த தங்கள் அரசவைக் கட்டடத்தின் முகப்பில் பொருத்தினார்கள். இன்று அரண்மனையில் அந்த வாசலின் புது நகல் நிற்கிறது. பழைய சிற்பங்கள் கொண்ட வாசல் சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது நடப்பது மேலாண்மைக் கல்லூரி! லீப்னெக்ட் முழங்கிய வாசல் வழியாக எம்.பி.ஏ. மாணவர்கள் போய்வருகிறார்கள்.

★

பக்கத்து ஊர் போட்ஸ்டாமிலும் ஓர் அரண்மனை திரும்பி வந்தது. 1960-ல் தகர்த்ததை 2014-ல் மாநிலச் சட்டமன்றமாகத் திறந்தார்கள். அதன் வெளிச்சுவரில் தங்க எழுத்தில், பிரெஞ்சு மொழியில், ‘இது அரண்மனை அல்ல’ என்று பொறித்திருக்கிறார்கள். கட்டியவர்களே போட்டுக்கொண்ட எழுத்து! இவ்வளவு நேர்மை வேறெந்த ஊரிலும் காணோம்.

★

அதே போட்ஸ்டாமில் தீராத வழக்கு ஒன்றும் இருக்கிறது. 1933 மார்ச் 21 அன்று ஹிட்லர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்கைச் சந்தித்து, தன் ஆட்சிக்குப் பழைய பிரஷ்யாவின் ஆசி கிடைத்ததாகக் காட்டிக்கொண்டது அங்குள்ள ராணுவத் தேவாலயத்தில். போரில் எரிந்து நின்றதை 1968-ல் வெடிவைத்தார்கள். பிறகு அந்த மனையின் ஒரு பகுதியில் கணினி மையம் எழுந்தது. விண்வெளியை வெல்லும் மனிதனைப் பற்றிய மொசைக் சித்திரங்கள் அதன் சுவரை அலங்கரிக்கின்றன. இப்போது தேவாலயக் கோபுரம் மட்டும் திரும்பக் கட்டப்பட்டு 2024-ல் திறந்தாகிவிட்டது. பின்கட்டு வேண்டுமானால் கணினி மையம் போக வேண்டும். அதற்குள் ஓவியர்களும் இசைக்காரர்களும் குடியேறிவிட்டார்கள். கோபுரமும் கணினி மையமும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, பாகம் பிரியாத பங்காளிகள்போல.

★

மாஸ்கோவில் இடிபட்ட புதுக் கட்டடம் ஒரு நீச்சல் குளம். நெப்போலியனை விரட்டிய நினைவாகக் கட்டிய கிறிஸ்து இரட்சகர் பேராலயத்தை ஸ்டாலின் அரசு 1931 டிசம்பரில் தகர்த்தது. அங்கே வானளாவும் ‘சோவியத்துகளின் மாளிகை’ வரப்போகிறது என்றார்கள். அஸ்திவாரத்தோடு நின்றது, எழுப்பிய இரும்புச் சட்டத்தையும் போர்க்காலத்தில் கழற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய வட்டக் குழியை 1960-ல் திறந்தவெளி வெந்நீர்க் குளமாக்கினார்கள். பனிகொட்டும் மாதத்திலும் ஆவி பறக்க நீந்தலாம். 1990-களில் குளத்தை மூடிவிட்டு, பேராலயத்தை மறுபடி கட்டி 2000-ல் பிரதிஷ்டை செய்தார்கள். இதற்கும் அடியில் கார் பார்க்கிங் உண்டு.

★

தென்கொரியத் தலைநகர் சோலில் இடித்ததே ஒரு விழா. கியோங்போக்குங் அரண்மனைக்கு முன்னால், அதை மறைத்தபடி, ஜப்பானிய ஆட்சியாளர்கள் 1926-ல் தலைமைச் செயலகம் கட்டினார்கள். விடுதலைக்குப் பிறகு 1948-ல் கொரிய அரசியல் சாசனம் பிறந்ததும் அந்தக் கட்டடத்தில்தான். பின்னர் அது தேசிய அருங்காட்சியகம் ஆனது. இடிக்கலாமா, இடிப்பது வரலாற்றை மறைப்பது ஆகாதா என்று பெரிய விவாதம். கடைசியில், விடுதலையின் 50-ஆம் ஆண்டு நாளான 1995 ஆகஸ்ட் 15 அன்று அதன் கோபுர முடியைக் கழற்றி இறக்கினார்கள். சோனானில் உள்ள விடுதலை நினைவு வளாகத்தில், தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டி அந்த முடியை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

★

அந்த அரண்மனையின் முன்வாசல் குவாங்வாமுன். கொரியப் போரில் மேல்மாடம் எரிந்த பிறகு 1968-ல் பார்க் சுங்-ஹீ ஆட்சி அதைக் கான்கிரீட்டில் கட்டியது. பெயர்ப் பலகையில் எழுத்து அவருடைய சொந்தக் கையெழுத்து. கான்கிரீட் வாசல் அரண்மனையின் அச்சுக்குச் சற்றே கோணலாக நின்றது. 2006-ல் அதையும் இடித்து, நேராக, மரத்தில் கட்டி 2010 ஆகஸ்ட் 15-ல் திறந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் புதுப் பெயர்ப் பலகையில் விரிசல்! மரம் சரியாகக் காயவில்லை என்று ஒரு கட்சி, காலநிலை என்று ஒரு கட்சி. போதாக்குறைக்கு, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்று நினைத்து எழுதியதே தவறு என்றானது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் கிடைத்த 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படத்தில் பின்னணி இருண்டிருந்தது. 2023 அக்டோபரில் கறுப்புப் பலகையில் பொன் எழுத்து ஏறியது.

அரண்மனை முதலில் எழுந்தது 1395-ல். 1592-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, 1860-களில் மீண்டும் கட்டப்பட்டது. இப்போது திரும்பி வருவது அந்த இரண்டாவது அரண்மனைதான். அதற்கே வரைபடமும் புகைப்படமும் மிஞ்சியிருக்கின்றன. எந்த ஊரிலும் ‘அசல்’ என்பது ஆவணம் கிடைத்த வருஷம்.

★

சீனாவின் டாதொங் நகர மேயர் கெங் யான்போ 2008-ல் பதவிக்கு வந்ததும் மிங் காலத்து மதில் சுவரைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். வழியில் இருந்த குடியிருப்புகள் போயின. இடம்பெயர்ந்தவர்கள் ஐந்து லட்சம் என்கிறது இவரைப் பற்றி 2015-ல் வந்த ஆவணப்படம். காலையில் மேயரை மறித்து அழுத ஜனங்கள் அதில் வருகிறார்கள். 2013-ல் அவரை வேறு ஊருக்கு மாற்றியதும் “போகாதீர்கள்” என்று தெருவுக்கு வந்த ஜனங்களும் அதில் வருகிறார்கள்.

★

ஜப்பானின் நகோயா கோட்டை 1945 மே மாதம் எரிந்தது. 1959-ல் கான்கிரீட்டில் கட்டினார்கள். உள்ளே லிஃப்டும் வைத்தார்கள். நிலநடுக்கம் தாங்காது என்று 2018-ல் மூடிவிட்டு, அதை இடித்து 17-ஆம் நூற்றாண்டில் இருந்தபடியே மரத்தில் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டது. போருக்கு முன்பே எடுத்த அளவு வரைபடங்களும் கண்ணாடித் தகட்டுப் புகைப்படங்களும் இருப்பதால் முளை வரைக்கும் அச்சு அசலாகக் கட்ட முடியும் என்பது அவர்கள் வாதம். அச்சு அசல் என்றால் லிஃப்ட் கிடையாது என்றதும் மாற்றுத்திறனாளி அமைப்புகள் எழுந்தன: கான்கிரீட் கோட்டையில் மேல்தளம் பார்த்த நாங்கள், மரக் கோட்டை வந்தால் கீழேயே நிற்க வேண்டுமா? பேச்சுவார்த்தையிலேயே வருஷங்கள் ஓடின.