பத்து நாயனத்துக்கு இரண்டு மைக்

ஆடியில் ஆண்டாள் தேர், பங்குனியில் மாரியம்மன் பூக்குழி என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு ஓசை மிகுந்த மாதங்கள் உண்டு. ராஜபாளையம், சோழபுரம் பக்கத்துக் கோயில் விழாக்களுக்கு நாயனம், தவில், பம்பை, தமுக்கு சேர்ந்த நையாண்டி மேளம் வரும். சிவன் கோயில்களில் இப்போது கொம்பும் எக்காளமும் தாரையும் பிரம்மதாளமுமாகப் பெருங்கூட்டமாய் நின்று முழக்கும் கயிலாய வாத்தியக் குழுக்களையும் பார்க்கலாம். இந்த முழக்கத்தை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்று ஒரு செட்டுக்காரரோ கோயில் கமிட்டியோ நினைத்தால், முதலில் வரும் கேள்வி எத்தனை மைக் வேண்டும் என்பது. ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் மைக் வாடகை, மிக்ஸர், கேபிள், ஆள்கூலி என்று தொகை ஏறி, பேச்சு அதோடு நின்றுபோகும். கேள்வியிலேயே பிசகு இருக்கிறது என்பேன். ஊதுகருவிக் கூட்டம் ஒன்றைப் பதிவு செய்யும்போது கவனம் போக வேண்டியது மைக் நிற்கும் தொலைவுக்கும் உயரத்துக்கும், சோதித்துப் பார்க்கும் பொழுதுக்கும். மூன்றில் முதல் இரண்டும் இலவசம்.

காரணம் கருவியின் உடம்பிலேயே இருக்கிறது. நாகசுரத்தின் சீவாளி நாணலால் ஆனது; கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் அது செருகப்பட்டிருக்கும். கீழே ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, அதன் நுனியில் விரிந்த அணசு. அணசின் வாய் பெரிதாக இருப்பதால் ஒலி முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது என்று தோன்றும். மேடையில் அணசுக்கு நேரே மைக்கை வைப்பதும் அதனால்தான். ஆனால் துளையுள்ள ஊதுகருவி எதிலும், ஒரு சுரத்தின் அடிப்படை ஒலியும் அதையொட்டிய கீழ் ஒத்திசைகளும் பெரும்பாலும் திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகவே வெளியேறிவிடும். கடைசிவரை போய் வாய் வழியே பாய்வது உயர் ஒத்திசைகள்தான். அணசருகே வைத்த மைக்குக் கேட்பது கூர்மை. துளையருகே வைத்ததற்குக் கேட்பது சதை. இரண்டும் காற்றில் கலந்து நாயனமாக ஆவதற்குச் சில அடி தூரம் வேண்டும். கொம்பின் கதை வேறு. அதில் துளையே கிடையாது; உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் இயற்கை ஒத்திசைகளை மட்டும் எழுப்ப முடியும். எல்லா ஒலியும் ஒரே வாய் வழியாக வருகிறது, அதிலும் உயர் ஒத்திசைகள் டார்ச் வெளிச்சம் போல நேர்க்கோட்டில் பாய்கின்றன. அந்தக் கோட்டில் மைக் இருந்தால் தகரத்தைத் தட்டினாற்போல் பதிவாகும். சற்று விலகினால் அதே கொம்பு உருண்டு திரண்டு ஒலிக்கும்.

தொலைவு செய்கிற வேலையைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலிமட்டம் 6 டெசிபல் குறையும். முன்வரிசை மைக்கிலிருந்து 1 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் நின்றால், ஒரே அளவு ஓசையுள்ள இரண்டு நாயனங்களுக்கு இடையே 12 டெசிபல் வேறுபாடு விழும். பின்னால் நிற்பவர் ஊதுவது போலவே தெரியாது. மைக்கை மூன்று மீட்டர் பின்னே நகர்த்துங்கள். முன்வரிசை 4 மீட்டர், பின்வரிசை 7 மீட்டர். வேறுபாடு 5 டெசிபல் அளவுக்குச் சுருங்கிவிடும். மிக்ஸரில் பத்துக் குமிழ்களைத் திருகிக் கொண்டுவர வேண்டிய சமநிலையை நாலு எட்டு நடை கொண்டுவந்து முடித்தது. மாறாக, ஆளுக்கொரு மைக் வைத்தால் பத்து மைக்கும் பத்து நாயனத்தையும் கேட்கும். ஊதுகருவிகளின் ஓசை அவ்வளவு பெரிது. ஒரே ஒலி, 1 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து இன்னொரு மைக்கைச் சேர்ந்தால் ஏறக்குறைய 3 மில்லி விநாடி பிந்தும். இரண்டையும் கலக்கும்போது 175, 525, 875 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழுந்து, ஒலி சீப்பால் வாரியதுபோல் ஆகும். பத்து மைக்கைக் கலந்தால் எத்தனை சீப்பு என்று எண்ணிக்கொள்ளலாம். இரண்டு மைக்கை ஒரே கம்பத்தில், 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகைக் கோணத்தில் வெளிப்புறமாகத் திருப்பி வைக்கும் முறையைப் பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்தார்கள். இடம் வலம் பிரிந்து கேட்கும், பள்ளமும் பெரிதாக விழாது. இந்தக் காரியத்துக்கு அது போதும்.

இது ஏழைக்கு ஏற்ற சமாதானம் என்று எண்ண வேண்டாம். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை உலகத்துப் பதிவுகள் எல்லாமே மைக் இல்லாமல் நடந்தவை. பெரிய புனல் ஒன்றின் முன் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நின்றார்கள்; புனலின் அடியில் இருந்த தகடு அதிர்ந்து மெழுகில் கோடு கீறியது. 1902இல் கல்கத்தாவுக்கு வந்த ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க், பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்ததும் அப்படித்தான். ஓசையைக் கூட்டிக் குறைக்க அங்கே குமிழ் இல்லை. வயலினைப் புனலோடு ஒட்டி உட்கார வைப்பார்கள், பித்தளைக் கருவிகளைச் சுவர் ஓரத்துக்குத் தள்ளுவார்கள். கொம்பின் ஓசையைப் பிடித்ததும் ஒரு கொம்புதான் என்பது வேடிக்கை. மின்சாரம் வந்து, ஒலிநாடாவும் வந்த பிறகு, 1951இல் சிகாகோ சிம்பொனியின் முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் மெர்க்குரி நிறுவனம் ஒரே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தது. அந்த இசைத்தட்டை ஒலிப்பதிவுப் பிரியர்கள் இன்றும் தேடிக் கேட்கிறார்கள். காசில்லாமல் செய்த காரியமாக அதை யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் மறுப்புகள் உண்டு, அவற்றில் சில நியாயமானவை. தவிலை என்ன செய்வது என்பது முதலாவது. வலந்தலையில் விரல்கூடுகள் அடிக்கும் அடி எந்த நாயனத்தையும் விழுங்கும். இதற்கும் பழைய வைத்தியமே மருந்து: தவில்காரர்களை நாயன வரிசைக்குப் பின்னே, இரு பக்கமும் ஒதுக்கி நிறுத்தலாம். ரொம்பத் தள்ளக் கூடாது. ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் ஓடும். 10 மீட்டர் பிரித்தால் 30 மில்லி விநாடி பிந்தி, தாளமே நழுவும். கண்ணுக்குக் கண் பார்த்து வாசிப்பவர்களைப் பிரிப்பதும் பாவம். கொம்புக்காரர்கள் கடைசி வரிசை, வாய் மைக்குக்கு நேரே வராமல் சற்றுத் திரும்பியபடி. நாயனத்தின் அணசு தரையைப் பார்ப்பதால் மைக் உயர்ந்து நிற்பதே நல்லது, எட்டுப் பத்தடி. இரண்டாவது மறுப்பு: தனித்தனியாகப் பதிந்தால் ஒருவர் தப்பாக வாசித்ததைப் பிறகு எடுத்துவிடலாமே? ஒவ்வொருவரையும் தனி அறையில் வாசிக்க வைத்தால் எடுக்கலாம். கூட்டமாக நிற்கும்போது அந்தத் தப்பு பக்கத்து மைக்கிலும் ஏறியிருக்கும். அழித்தாலும் ஆவியாக நிற்கும். சினிமாப் பாட்டுக்கோ, குரலோடு நாயனத்தை இணைக்கவோ தனிப் பதிவுதான் சரி, அதை மறுக்கவில்லை. இரண்டு மைக் முறைக்கு ஒரு தண்டனையும் உண்டு: வைத்த இடம் தவறினால் பின்னால் திருத்த வழி கிடையாது. அதனால்தான் பொழுதையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லி, ஹெட்போனில் கேட்டு, ஒரு அடி நகர்த்தி, மறுபடி கேட்க வேண்டும். சலிக்காமல் ஐந்தாறு தடவை.

கையில் செல்போன் இருக்க ரெக்கார்டர் எதற்கு என்பது மூன்றாவது. போனும் அதன் பல செயலிகளும் பேச்சுக்கென்று அமைந்தவை. ஓசை கூடினால் தானாக அழுத்தும், குறைந்தால் தானாகத் தூக்கும். பெருங்கொம்பு எழும்போது நாயனம் குனிந்துபோகும். இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பதை விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அடக்கப் பார்க்கும். நம் சுருதியின் இலக்கணமே இடைவிடாமல் ஒலிப்பதுதான். ஒத்து நாயனத்தை இரைச்சல் என்று தீர்மானிக்கும் கருவியை மேளத்துக்கு எதிரே வைப்பதில் பொருளில்லை. 24 பிட்டில் பதியும் சிறு ரெக்கார்டர் இருந்தால், மிக உரத்த இடமும் உச்சக்கோட்டுக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி அளவை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளலாம். இப்போது 32 பிட் மிதவைப் புள்ளி ரெக்கார்டர்கள் வந்து, அளவு வைக்கவே வேண்டாம் என்கிறார்கள். பாதி உண்மை: மைக்கின் சவ்வே தாங்காமல் திணறினால் எத்தனை பிட்டும் காப்பாற்றாது. பின்னே தள்ளி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சப்பட்ட காசையும் கவனத்தையும் இடத்தின் மேல் போடலாம். பளிங்குத் தரை போட்ட கல்யாண மண்டபம் இதற்கு மோசமான இடம். ஓசை சுவருக்குச் சுவர் மோதி, இரண்டு சுரத்துக்கு நடுவே மூன்றாவது சுரம் நிற்கும். கல்மண்டபம் தனி நாயனத்துக்கு அழகு, கூட்டத்துக்குக் குழப்பம். மாந்தோப்பு நல்லது; எதிரொலி குறைவு. நூற்பாலை ஊரான ராஜபாளையத்தில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் உள்சுவர், விலை உயர்ந்த ஸ்டுடியோப் பலகை செய்யும் வேலையைத் தானே செய்யும். ஜமுக்காளத்தைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் மேலொலி மட்டும் அடங்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தடித்த மெத்தையைக் கட்டினால் 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கி உறிஞ்சும். வெளியில் பதிவதானால் எதிரி காற்று. ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறோம், மைக்கின் மெல்லிய சவ்வு எம்மாத்திரம்? மைக்கோடு வரும் பஞ்சுறை பேச்சுக்குத்தான் காணும். நீண்ட மயிர் வைத்த துணியுறை வேண்டும். கூடவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியையும் போடலாம், நாயனத்துக்கும் கொம்புக்கும் அதனால் நட்டமில்லை, தவிலின் தொப்பிப் பக்கம் மட்டும் கொஞ்சம் இளைக்கும். விடிகாலைப் பொழுதில் காற்றும் லாரியும் குறைவு. வீதியுலாவைப் பதிவு செய்வதானால் கூடவே ஓடாமல், ரதவீதி வீடு ஒன்றின் மாடியில் மைக்கை நிலையாக வைத்தால், முழக்கம் தூரத்தில் பிறந்து நெருங்கி விலகிப்போவது அப்படியே ஏறும். வெடியும் சனச் சத்தமும் அங்கே பதிவின் பகுதி.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிகாபைட் சுமாராகும். பதினாறு தடமானால் எட்டுக்கு மேல், அதைத் திறந்து கலக்க ஓர் ஆளும் வேண்டும். மிச்சமாகும் இடத்தில் ஒரு காரியம் செய்யலாம். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான், உறையில் வித்துவான் பெயருக்குத்தான் இடம். பக்கத்தில் ஒத்து ஊதியவரும் தவில் அடித்தவரும் பல தட்டுகளில் பெயரில்லாமல் போனார்கள். ரெக்கார்டர் ஓடத் தொடங்கியதும், மேளம் எழுவதற்கு முன், ஊர், நாள், சுருதிக் கட்டை, யார் எங்கே நிற்கிறார் என்பதை வரிசையாக ஒருவர் மைக் முன் சொல்லிவிட வேண்டும். இடப்பக்கக் கடைசியில் கொம்பு பிடித்து நிற்பவர் வரைக்கும்.