‘வேண்டாம்’னு ஓட்டு போட்ட புரொஃபசர்!

‘புரொஃபஷனல் எதிக்ஸ்’னு சொன்னதுமே கொட்டாவி வருதா? நானும் உங்க கட்சிதான் மக்களே! பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஜெராக்ஸ் நோட்ஸை மனப்பாடம் பண்ணி, மறுநாள் மத்தியானமே மறந்துபோற பேப்பர். அதுல ஃபோர்டு பின்ட்டோ கார் கதை இருக்கும், ஞாபகம் இருக்கா? அந்தக் கதைக்குள்ள இருந்த ஒருத்தரே பின்னாடி புரொஃபசராகி, அதையே பாடமா நடத்தினார். இதை எந்த நோட்ஸும் எனக்குச் சொல்லலை.

அவர், டெனிஸ் ஜோயா. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் பல வருஷம் மேனேஜ்மென்ட் சொல்லிக்கொடுத்தவர். ஆரம்பத்தில் அவரும் நம்மாளு... இன்ஜினீயர்! அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பினப்போ, கென்னடி விண்வெளி மையத்தில் போயிங் கம்பெனிக்காக வேலை பார்த்தார். அப்புறம் எம்.பி.ஏ., 1972-ல் ஃபோர்டு. பெரிய கம்பெனிகளை வெளியே நின்னு திட்டுறதைவிட, உள்ளே போய் மாத்தலாம்கிற வேகத்தோட போனவர்.

அடுத்த வருஷமே ரீகால் கோஆர்டினேட்டர் பொறுப்பு. எந்த காரில் கோளாறு, எதைத் திரும்ப அழைக்கணும்னு பார்க்கிற வேலை. மேஜையில் ஏறத்தாழ 100 ஃபைல்!

பின்ட்டோ, 1970-ல் வந்த குட்டி கார். விலை 2,000 டாலருக்கும் கீழே. பெட்ரோல் டேங்க், பின் ஆக்ஸிலுக்குப் பின்னால். பின்னாடியிருந்து இன்னொரு வண்டி மோதினா டேங்க் முன்னால நசுங்கி, டிஃபரன்ஷியல் போல்ட்டுகள் குத்திக் கிழிக்கும். பெட்ரோல் ஒழுகும். ஒரு பொறி போதும்.

எரிஞ்சுபோன ஒரு பின்ட்டோவை ஜோயா கண்ணால பார்த்தார். ஆடிப்போய், விஷயத்தைக் குழுவுக்குக் கொண்டுபோனார். ஆனா புகார்கள் ரொம்பக் கம்மி. ரீகாலுக்கு அவங்க வெச்சிருந்த அளவுகோலுக்குள்ள அது வரலை. ‘வேண்டாம்’னு முடிவாச்சு. ஜோயாவும் ‘வேண்டாம்’னுதான் ஓட்டு போட்டார்!

(‘ஒரு காருக்கு 11 டாலர் மிச்சம் பிடிக்க உயிரை விலை பேசினாங்க’ன்னு நாம எழுதுவோமே... அந்தக் கணக்கு அரசாங்கத்துக்கு அனுப்பினது. வண்டி உருண்டு தீப்பிடிக்கிறது பற்றியது. அதுவும் பின்ட்டோவுக்கு மட்டும் போட்டதில்லை. ஆனா, உயிருக்கு 2 லட்சம் டாலர்னு விலை போட்டது நிஜம்தான்.)

1975-ல் ஜோயா ஃபோர்டை விட்டு வந்துட்டார். 1978-ல் ஃபோர்டு சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. டேங்க்குக்கு முன்னால வெச்சது, ஒரு பிளாஸ்டிக் தடுப்பு!

நல்லவன்னு நினைச்ச நான் எப்படி அந்த ஓட்டைப் போட்டேன்? இந்தக் கேள்வியை எடுத்துக்கிட்டு 1992-ல் ‘ஜர்னல் ஆஃப் பிசினஸ் எதிக்ஸ்’ இதழில் கட்டுரையே எழுதினார் ஜோயா. அவர் சொல்ற காரணம் பணத்தாசை இல்லை, ‘ஸ்கிரிப்ட்’. ஹோட்டலுக்குப் போனா உட்கார்றோம், ஆர்டர் பண்றோம், பில் கட்டுறோம்... எதையும் யோசிச்சா செய்றோம்? ஃபைல்களையும் அவர் அப்படித்தான் பார்த்திருக்கார். அந்த ஸ்கிரிப்ட்ல பதற்றப்படுறதுக்கு இடமே இல்லை.

படிச்சப்போ எனக்குச் சுருக்னுச்சு. போன லீவுல ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். போல்ட் டைட்டா இருக்கான்னு பார்த்து டிக் போடணும். முதல் நாள் ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்தேன். மூணாம் நாள், டீ குடிச்சுக்கிட்டே மொத்த ஷீட்டுக்கும் டிக்! யாரும் கேட்கலை. சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்துட்டாங்க.

ஜோயா அந்தக் கட்டுரையில் தன்னையும் விட்டுவைக்கலை. வேற வேலைக்குப் போன இடத்தில் மறைச்சிருக்கலாம். மாட்டாம, எம்.பி.ஏ. மாணவர்கள்கிட்ட ‘அந்த ரீகால் கோஆர்டினேட்டர் நான்தான்’னு சொல்லியே பின்ட்டோ பாடம் நடத்தினார்.

சொல்ல மறந்துட்டேனே... அந்த நாட்களில் ஜோயாகிட்டயும் ஒரு பின்ட்டோ இருந்தது. அதைப் பிறகு வித்துட்டார்.

வாங்கினது, அவரோட உடன்பிறந்த சகோதரி.